முறைப்பாடு

மனத்திலுள்ள அதிருப்தியை அதிகாரியிடம் தெரிவிப்பதைத் தமிழகத்தார் ‘புகார்’ என்பர். நாம் ‘முறைப்பாடு’ என்கிறோம். புகார் இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். கூவி அழைத்தல் என்பது அதன் பொருள். காவிரிப்பூம்பட்டினத்தின் மறுபெயரான புகாருக்கும் இதற்கும் உறவில்லை.

முறைப்பாட்டின் வேர் ‘முறை’. முறை என்றால் ஒழுங்கு, நீதி. செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் இச்சொல்லை நீதி என்ற பொருளிலேயே ஆளுகிறார்.

ஆகவே குறை வேறு, முறைப்பாடு வேறு. கிணற்று நீர் உவர்க்கிறதென்று நெடுந்தீவுப் பெண் அயல்வீட்டாளிடம் சொன்னால் அது குறை. அதையே பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்தால் முறைப்பாடு. குறைக்கு ஒரு காது போதும். முறைப்பாட்டுக்கு விடை வேண்டும். நயினை நாகபூசணி அம்மனிடம் முறையிடுவோரும் விடை வரும் என்று நம்பியே முறையிடுகின்றனர். புங்குடுதீவில் கோயில் கொண்டுள்ள கண்ணகியும் பாண்டியன் அவையில் அழுவதோடு நிற்கவில்லை; சிலம்பை உடைத்து வழக்குரைத்தாள்.

1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர் கூடி விளக்கேற்றுகின்றனர். அதைத் துயரம் என்றோ மனக்குறை என்றோ மட்டும் சொல்லிவிடலாகாது. முறை செய்யக் கடமைப்பட்டோர் விடை சொல்லும்வரை, அந்த விளக்கும் ஒரு முறைப்பாடுதான்.