நெஞ்சுக்குள் ஒரு பிறவிக் கட்டி

மேச்சேரிப் பக்கத்து ஆள் ஒருவரின் நெஞ்சு எக்ஸ்ரேயில் உருண்டையாக ஒரு நிழல் தெரிந்தால், விவரமறிந்த டாக்டர் கேட்பார்: "வீட்ல ஆடு இருக்குதுங்களா? நாய் இருக்குதா?" மேச்சேரி ஆடு பேர்போன இனம், பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய்ப்பட்ட ஆட்டின் ஈரலையோ நுரையீரலையோ தின்ற நாயின் மலத்தில் நாடாப்புழு முட்டை வெளிவரும். அது நம் வாய்க்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். தெரியாமல் அதில் ஊசி குத்தினால் ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

நான் பேச வந்தது, படத்தில் அதன் சாயலில் தெரியும் இன்னொரு கட்டியைப் பற்றி. இது பிறவியிலேயே வருவது. கரு உருவான 4 முதல் 6 வாரத்தில் மூச்சுக்குழாய் முளைவிடும்போது, ஒரு துணுக்கு தனியே பிரிந்து நின்றுவிடுகிறது. அதற்குள் சளி சுரக்கிறது. வெளியேற வழியில்லாமல் பையாகிறது. அறுத்துப் பார்த்தால் மூச்சுக்குழாயில் உள்ள அதே நுண்மயிர், அதே குருத்தெலும்பு. பலருக்கு ஆயுசு முழுக்கத் தொந்தரவே இருக்காது. வேலையில் சேர எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியவரும். சிலருக்கு இருமல், விழுங்கச் சிரமம், சீழ் பிடித்துக் காய்ச்சல். காசநோய் மிகுந்த நாடல்லவா, சளியில் கிருமி தெரியாமலேயே அந்த மாத்திரையைத் தொடங்கிவிடுவதும் உண்டு.

இது புற்றுநோய் ஆகுமா? மிக மிக அரிதாக ஆகும். பெரியவர்களுக்கு அந்தப் பையின் உள்சுவரிலேயே புற்று தோன்றியதாக மருத்துவ இதழ்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவுகள் உள்ளன. குழந்தைகள் விஷயம் இன்னும் சிக்கலானது. காற்று நிறைந்த சாதாரணப் பை போலவே தெரியும் ஒன்று, தொடக்கத்திலிருந்தே நுரையீரல் புற்றாக இருக்கலாம். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த டாக்டருக்கே கடினம். அந்தப் புற்றுக்கும் டைசர்-1 என்ற மரபணுவின் பழுதுக்கும் உள்ள தொடர்பு 2009இல் தெரியவந்தது. அதனால் ஒரு குழந்தைக்கு வந்தால் கூடப்பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

பயந்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் விஷயமில்லை இது. ஆனால், "சாதாரணக் கட்டிதானே" என்று படத்தைப் பரணில் போட்டுவிடுவதும் சரியில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் காட்டுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதை ஒப்பிட்டால்தான் தெரியும். நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால், உள்சுவர் இருக்கும்வரை மறுபடி நிரம்பக்கூடும். அறுவை சிகிச்சை என்று முடிவானால் கட்டியை முழுசாக எடுப்பதே நல்லது. இப்போது சிறு துளை வழியாகவே பலருக்கு எடுத்துவிடுகிறார்கள்.

எடுத்த கட்டி கட்டாயம் பயாப்ஸிக்குப் போக வேண்டும். தையல் பிரிக்கப் போகும்போது அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரிடமே விளக்கம் கேளுங்கள்.