அம்மாவும் உட்காரட்டும்



பிள்ளைகளின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து, முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து என்று நான் அடுக்கத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். நான் கேட்க வந்த கேள்வி வேறு. நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் யார் யார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?

ஏழரை மணிக்குப் பிள்ளை சாப்பிடுகிறது. கையில் செல்போன், கண் அதில். வாயைத் திறக்கத் திறக்க அம்மா ஊட்டுகிறார். ஒன்பது மணிக்கு அப்பா வருகிறார். அம்மா நின்றபடி தோசை வார்த்துப் போடுகிறார். எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்பு மேடை ஓரமாக, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து அம்மா சாப்பிடுகிறார். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, மூன்று தனிச் சாப்பாடு. தன் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு அந்தப் பிள்ளை பார்த்ததே இல்லை. கீரைப் பொரியலை ஒருவர் விரும்பி இரண்டாம் தரம் கேட்டு வாங்குவதையும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை அது எப்படிப் பழகும்?

வீட்டில் காயை ஒதுக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அதையே சாப்பிடுவதைச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே ஊட்டிவிட ஆள் இல்லை, கெஞ்ச ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சாப்பிடுகிறான், இவனும் சாப்பிடுகிறான். 1956-இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், 2022-இல் காலை உணவு தொடங்கியபோதும் முதல் நோக்கம் பசியைத் தீர்ப்பதுதான். அந்தத் திட்டங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றை உண்ணும் பழக்கமும் கூடவே வந்து சேர்ந்ததே, அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

வற்புறுத்தாமல் விட்டால் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று ஆராய்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் கிளாரா டேவிஸ், குழந்தை மருத்துவர். 1920-களில் அமெரிக்காவில், தாய்ப்பால் மறந்த பருவத்துக் குழந்தைகளை வைத்து அவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மொத்தம் 15 குழந்தைகள். தானியம், காய், பழம், பால், முட்டை, இறைச்சி, மீன் என்று 30-க்கும் மேற்பட்ட உணவுகளிலிருந்து வேளைக்குச் சிலவற்றைத் தட்டில் வைப்பார்கள். தாதி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடு என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. குழந்தை எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் தரவேண்டும். குழந்தைகள் எல்லாம் திடமாக வளர்ந்தார்கள். எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் சின்னக் கிண்ணத்தில் மீன் எண்ணெயும் வைத்தார்கள். நோய் தீரும்வரை அவ்வப்போது அதைத் தானாக எடுத்துக் குடித்த குழந்தை, தீர்ந்த பிறகு அதை நாடவில்லை.

உடனே, "அப்படியானால் பிள்ளை கேட்டதை எல்லாம் கொடுத்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. சூட்சுமமே அந்தப் பட்டியலில்தான் இருந்தது என்று டேவிஸே எழுதிவைத்தார். அதில் சர்க்கரை இல்லை, மிட்டாய் இல்லை, டப்பாவில் அடைத்தது எதுவும் இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் வயிறு சொல்ல வேண்டியது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். எதை வாங்குவது என்பதைக் கடைக்குப் போகும் பிள்ளை முடிவு செய்கிறது; எத்தனை கவளம் என்பதை நாம் எண்ணுகிறோம். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று எத்தனை தடவை சொல்கிறோம்! வயிறு நிறைந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை, தன் வயிறு சொல்வதைக் கேட்காமல் இருக்கப் பழக்குகிறோம். முதல் தடவை பாகற்காயைத் துப்பினால் துப்பட்டும். மறுவாரம் நாம் சாப்பிடும்போது ஒரு துண்டு தட்டில் இருக்கட்டும். பத்துத் தடவைக்கு மேல் பார்த்து, முகர்ந்து, நக்கிப் பார்த்த பிறகு பிடித்துப்போகும் பிள்ளைகள் நிறைய உண்டு.

அடுக்களைக்குள் அவர்களை விடுங்கள். மார்கழி, தை மாதத்தில் பச்சை மொச்சை வருகிறதல்லவா? ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு அழுத்து. தோல் விரலில் தங்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தைத் தாண்டிப் போய் விழும். அதைத் துரத்தி எடுத்து வந்து, அடுத்ததைப் பிதுக்கி, யார் கிண்ணம் முதலில் நிறைகிறது என்று போட்டி. அன்றைக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு கொதிக்கும்போது எத்தனை தடவை வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆண்பிள்ளைகளும் உட்காரவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கீரை ஆய அக்காவை மட்டும் கூப்பிடும் வீட்டில், தம்பி வளர்ந்த பிறகும் தட்டுக்காகக் காத்திருக்கத்தான் செய்வான்.

இன்னொன்று, எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சிறு குழந்தைகளில் 67 சதவீதம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் முட்டை பங்கு வைக்கும்போதும் மீன் துண்டு எடுத்து வைக்கும்போதும் கடைசியில் வருகிறவர் யார் என்று நாம் அறிவோம். வீட்டுக்கே சத்து பார்த்துச் சமைக்கிறவர் சோர்ந்து கிடக்கிறார். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும் என்று சொல்கிறோமே, அந்தக் கீரை அவர் தட்டில் இருந்தால்தானே?

ஆகவே ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் நடுவில் கொண்டுவந்து வையுங்கள். அவரவர் போட்டுக்கொள்ளட்டும்; பிள்ளை சிந்தினால் சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். தோசை நாளாக இருந்தால் முதல் நான்கு தோசையை அப்பா வார்க்கட்டும். "ஷிப்ட் வேலை ஐயா, தினமும் சேர்ந்து உட்கார முடியாது" என்பவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். பஸ் ஓட்டுகிறவரும் ஆஸ்பத்திரி நர்சும் மில்லில் வேலை பார்ப்பவரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க முடியாதுதான். காலைச் சாப்பாடாக இருக்கட்டும். வாரத்துக்கு இரண்டு வேளையாக இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும், சமைத்தவர் உட்பட, ஒரே நேரத்தில் உட்கார்ந்தாக வேண்டும். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தொடங்குங்கள். பரிமாறுகிறேன் என்று அம்மா எழுந்தால், கையைப் பிடித்து உட்கார வைப்பது மூத்த பிள்ளையின் வேலை.