கீழாநெல்லியும் லான்செட் பத்திரிகையும்

மழைக்குப் பின் வேலியோரத்தில் முளைத்து, இலைவரிசையின் அடியில் சிறுசிறு காய்களைத் தொங்கவிட்டு நிற்கும் கீழாநெல்லியை அறியாதவர் நம்முள் சிலரே. அதை அரைத்து மோரில் கலந்து காமாலைக்குக் கொடுக்கும் வழக்கமும் பழையதே. ஆயினும், "எங்கள் மாமாவுக்குக் குணமாயிற்றே!" என்னும் வாக்கை மட்டும் பிரமாணமாகக் கொள்வதற்கில்லை, ஏனெனில், சில காமாலைகள் உயிருக்கே உலை வைப்பவையாயினும், பல, மருந்துண்டாலும் உண்ணாவிட்டாலும் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும் இயல்புடையவை.

அதனாலேயே, சென்னை ஆராய்ச்சியாளர்கள் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் பிரசுரித்த கட்டுரையின்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காமாலைக் காரணங்களுள் ஒன்றான ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் தாங்கியவர்களுள் ஒரு சாராருக்குக் கீழாநெல்லி மருந்தும், மறு சாராருக்கு அதுபோன்ற போலி மருந்தும் 30 நாள் கொடுத்துப் பார்த்ததில், முன்னவருள் 37 பேரில் 22 பேருக்கும், பின்னவருள் 23 பேரில் ஒரே ஒருவருக்கும் கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. 37, 23 என்னும் இரண்டு தொகையும் ஏன் சமமாக இல்லை என்று கேட்கிறீர்களா? பேஷ், அதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

மருத்துவ நூலகத்தில் பணிபுரியும் என்னிடம் இக்கட்டுரையைப் பெற்றுக்கொண்ட இளம் சித்த வைத்தியர் ஒருவர், "இது போதும் ஐயா, நோயாளிகளிடம் காட்டிவிடுகிறேன்" என்று எழுந்தார். "உட்காருங்கள் தம்பி" என்று அவரை அமர்த்தி, மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் களஞ்சியத்தில் இச்செடியின் அறிவியற் பெயரான ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றும், பழைய கட்டுரைகளில் வழங்கும் நிரூரி என்றும் பெயரிட்டுத் தேடச் செய்தேன். தாய்லாந்துச் சோதனை அப்பலனைக் காணவில்லை என்று அதே லான்செட் 1990-இல் வெளியிட்டிருந்தது. நியூசிலாந்துச் சோதனையும் கைவிரித்திருந்தது. செடியின் இனம் வேறோ, பறித்த பருவம் வேறோ என்று வைத்தியர் நூலகம் மூடும்வரை தர்க்கம் செய்தார், நியாயமான தர்க்கந்தான்.

2011-இல் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழுவினர் கீழாநெல்லி இனச் செடிகளைப் பற்றிய 16 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து, ஹெபடைடிஸ் பி-க்குப் போலி மருந்தினும் அவை மேலென நம்பத்தக்க ஆதாரமில்லை என்றனர். அத்தகைய தொகுப்பாய்வுகளின் சுருக்கங்கள் இணையத்தில் செலவின்றிக் கிடைக்கின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள். நம் வைத்தியர் எவரேனும் செடியையும் பருவத்தையும் வரையறுத்து இச்சோதனையை மீண்டும் செய்வாராயின், அம்முடிவோடு உங்களைச் சந்திப்பேன் என நம்புகிறேன்.