வரி பாக்கி: யார் வீட்டில் ஜப்தி, யாருக்குச் சலுகை?

(சிறு வியாபாரிகளும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வரி பாக்கியைச் சர்க்கார் எப்படி வசூலிக்கிறது என்பது வக்கீல்களும் அதிகாரிகளும் பேச வேண்டிய சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜப்தி நோட்டீஸ் ஒட்டப்படுவது நமது கதவில். கஜானாவுக்கு வராமற்போன பணத்துக்காக வெட்டப்படுவது நமது பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும். ஆகவே நாம்தான் இதைப் பேச வேண்டும்.

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். கம்பெனி ஆட்சியில் நிலத்தீர்வை கட்ட முடியாத குடியானவனை வெயிலில் நிற்க வைத்தார்கள். குனிய வைத்துக் கட்டினார்கள். விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். இது நாம் கட்டிய கதையல்ல. சென்னையில் அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855-ல் தந்த அறிக்கையே சாட்சி. 1857-ல் கார்ல் மார்க்ஸ் அந்த அறிக்கையை எடுத்துக்காட்டி, நியூயார்க் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தார்.

கிட்டி போயிற்று, சட்டம் வந்தது. அதுதான் 1864-ம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். வெள்ளையன் போனான், ஆனால் இந்தச் சட்டம் போகவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கிறது. விற்பனை வரி பாக்கியானாலும், சரக்கு சேவை வரி பாக்கியானாலும், கடைசியில் ‘நிலவரி பாக்கி போலக் கருதி’ வசூலிக்கும்படி கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம்.

இச்சட்டம் என்ன சொல்கிறது? பாக்கிதாரரின் சாமான்களை ஜப்தி செய்யலாம். நிலத்தையும் வீட்டையும் ஜப்தி செய்யுமுன் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். பிறகு ஊரறிய அறிவித்து ஏலம் விடலாம். ஏலம் எடுத்தவர் 15 சதவிகிதம் உடனே கட்ட வேண்டும். மீதியை 30 நாளில். சொத்தை விற்றும் பாக்கி தீராமல், வேண்டுமென்றே மோசடி செய்கிறார் என்று கலெக்டர் கருதினால், கைது செய்து சிறையில் வைக்கவும் வழி உண்டு.

இதில் நமக்குள்ள பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏலம் நடந்த 30 நாட்களுக்குள் பாக்கியையும், ஏலத் தொகையில் 5 சதவிகிதத்தையும் கட்டினால் ஏலத்தை ரத்து செய்யக் கோரலாம். ஏலத்தில் முறைகேடோ மோசடியோ நடந்து நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அதே 30 நாட்களுக்குள் மனுக் கொடுக்கலாம். நாள் தவறினால் வீடு தவறும்!

2017 ஜூலை 1 முதல் வந்துள்ள சரக்கு சேவை வரிச் சட்டத்தில் கை இன்னும் நீளம். உத்தரவு கிடைத்த 3 மாதத்தில் கட்டாவிட்டால், 79-வது பிரிவின்படி பாங்கிக் கணக்கிலிருந்து நேரே எடுக்கலாம். நமக்குப் பணம் தரவேண்டியவரிடமிருந்தும் எடுக்கலாம். தவணை கேட்க 80-வது பிரிவு இடம் தருகிறது: மாதத் தவணையாக 24 வரை. ஆனால் ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டும். நாமே கணக்கில் ஒப்புக்கொண்ட வரிக்கு அந்தத் தவணையும் கிடையாது.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்பார்கள். ஏட்டில் ஒன்றுதான். நடப்பு எப்படி?

பெரிய கம்பெனி வழக்காடும். தகராறு உள்ள வரியில் 10 சதவிகிதத்தைக் கட்டி முதல் அப்பீல் போட்டால், மீதியை வசூலிப்பது நின்றுவிடும். அந்த உரிமை பெட்டிக்கடைக்காரருக்கும் உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் உண்டா? கம்பெனி திவாலானால், 2016-ம் ஆண்டுத் திவால் சட்டப்படி அடமானக் கடன் கொடுத்த பாங்கியும், தொழிலாளரின் 24 மாதச் சம்பள பாக்கியும் முன்வரிசை. தொழிலாளிக்கு முதலிடம் நியாயமே. ஆனால் சர்க்கார் வரி பின்வரிசைக்குப் போகிறது. பல சமயம் வெறுங்கைதான்.

இன்னொரு அநியாயம். சிறு வியாபாரி சரக்கு வாங்கும்போது வரியையும் சேர்த்து மொத்த வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். அவர் அதைச் சர்க்காருக்குக் கட்டவில்லை. விளைவு? 16-வது பிரிவைக் காட்டி, கொடுத்தவருக்கே வரவு மறுக்கப்படுகிறது. ஏமாற்றியவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் மற்றொருவன்!

விற்பனை வரி முதலாளியின் சொந்தப் பணமல்ல, தோழர்களே. சோப்பு வாங்கிய தாயிடமும் செருப்பு வாங்கிய தொழிலாளியிடமும் அவர் வாங்கி வைத்திருக்கும் பணம். அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வது பாக்கியல்ல, அபகரிப்பு.

2023 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சமாதானச் சட்டம், வரி, வட்டி, அபராதம் சேர்த்து 50,000 ரூபாய் வரையுள்ள பழைய பாக்கிகளைத் தள்ளுபடி செய்தது. இது வரவேற்கத்தக்கது. சிறு பாக்கியைத் துரத்தச் சர்க்காருக்கு ஆகும் செலவும் கொஞ்சமல்ல. ஆனால் அடிக்கடி சமாதானம் வருமென்றால், பெரிய பாக்கிதாரர் அடுத்த சமாதானத்துக்காகவே காத்திருப்பார். ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளியாவார்.

ஆகவே நாம் கோருவது:

1. பெரிய பாக்கிகளின் பட்டியலை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

2. சிறு வியாபாரியின் பாங்கிக் கணக்கை முடக்குமுன் தமிழில் நோட்டீஸ் தந்து, நேரில் விசாரித்து, தவணை தர வேண்டும்.

3. வரியைக் கட்டாத விற்பவரை முதலில் பிடிக்க வேண்டும், வாங்கியவரை அல்ல.

4. பெரிய தொகை அப்பீல்களைக் காலவரையறைக்குள் முடிக்க வேண்டும்.

வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாங்கிய வரி கஜானாவுக்கு வரட்டும். வலுத்தவனிடமிருந்து முதலில் வரட்டும். நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். தேதியைக் குறியுங்கள், சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தனியாக நின்றால் ஜப்தி. கூடி நின்றால் நியாயம்!