தண்டனை மட்டும் போதையை ஒழித்துவிடுமா?



 

போதை தரும் யாவும் ஹறாம். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஹெரோயினையும் ஐஸையும் விற்றுப் பிள்ளைகளின் வாழ்வை நாசமாக்குவோர் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. எனினும், அத்தண்டனை யார் மீது விழுகிறது, அதனால் யார் திருந்துகிறார் என்று சிந்திப்பதும் நம் மீதுள்ள கடமையாகும்.

1984ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 2 கிராம் ஹெரோயினை வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க வழிவகுத்தது. 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 5 கிராம் ஐஸுக்கும் அதே தண்டனையை விதித்தது. நாற்பது ஆண்டுக் கடுமை போதையை ஒழித்துவிட்டதா? இல்லை. ஹெரோயின் இருந்த ஊர்களுக்கு இப்போது ஐஸும் வந்து சேர்ந்திருக்கிறது.

2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' என்ற பெயரில் பெரும் சுற்றிவளைப்பு ஆரம்பமானது. அச்சிங்களச் சொல்லுக்கு நீதி என்பது பொருள். நான்கு வாரங்களுக்குள் 29,000க்கும் அதிகமானோர் கைதாகினர். அனுமதியற்ற சோதனைகள், சித்திரவதை, பொது இடத்தில் ஆடை களைந்து சோதித்தல் போன்ற முறைப்பாடுகள் குறித்து ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2024 ஜனவரியில் கவலை வெளியிட்டது. மனிதனின் மானத்தைப் பறித்துப் பெறப்படும் நீதி எத்தகைய நீதி?

நேயர்களே! பெரிய வியாபாரிக்குப் பணமும் சட்டத்தரணியும் உண்டு. சந்தியில் சிறு பொதியுடன் பிடிபடும் இளைஞனுக்கு இரண்டும் இல்லை. இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை அவன் விளக்கமறியலில் காத்திருக்கிறான். கொள்ளளவை மீறி நிரம்பி வழியும் சிறையில், முதன்முறை தவறியவன் கைதேர்ந்த கடத்தல்காரனோடு ஒரே கூடத்தில் உறங்குகிறான். வெளியே அவனுடைய உம்மா வழக்குச் செலவுக்காக நகையை அடகு வைக்கிறார். விடுதலையான பின்பும், வெளிநாட்டு வேலைக்குக் கேட்கப்படும் பொலிஸ் நற்சான்றிதழ் அவன் வழியை மறிக்கிறது.

புனர்வாழ்வும் பலாத்காரமாக மாறினால் பயன் தராது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூன் மாத இறுதியில் ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து நூற்றுக்கணக்கானோர் அங்கிருந்து தப்பியோடினர். நோய் தீர்க்கும் இடத்தைவிட்டு நோயாளி ஓடுவானேன்?

எல்லாவற்றிலும் பெரிய தீங்கு வீட்டுக்குள் நிகழ்கிறது. மகனின் அறையில் கருகிய வெள்ளித்தாளைக் காணும் தாய், சொன்னால் பொலிஸ் வருமே, குடும்ப மானம் போகுமே என்று அஞ்சி வாய் மூடுகிறாள். அந்த மௌனத்தில்தான் நோய் முற்றுகிறது.

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை, தோழர் ஒருவர் சபித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். அம்மனிதர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். தண்டனை நிறைவேறியது, ஆயினும் அவர் சமூகத்திலிருந்து துரத்தப்படவில்லை. விற்பவனையும் வீழ்ந்தவனையும் ஒரே தராசில் நிறுக்காத சட்டத்தை நாம் கோர வேண்டும். அதற்கு முன் நமது மஹல்லாக்களில் அந்த வேறுபாட்டை நாமே கடைப்பிடிக்க வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளையின் உறக்கம் குலைந்தால், வீட்டில் பணம் மறைந்தால், அடிக்கும் முன் அமர்ந்து பேசுங்கள். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே! அக்குடும்பத்தை ஒதுக்காதீர்கள்; இரகசியம் காத்து வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஒருவரை நியமியுங்கள். இளைஞர்களே! "கொஞ்ச நேரம் வைத்திரு" என்று நண்பன் நீட்டும் சிறு பொதியையும் தொடாதீர்கள். அது யாருடையது என்பதை நிரூபிக்கவே உங்கள் இளமை கழிந்துவிடலாம். ஆனால் அந்த நண்பனைக் கைவிட்டுவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் போதையிலிருந்தும், நம்மை அநீதியிலிருந்தும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.