ரிட் மனுச் செய்ய உரிமை யாருக்கு?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



"ஏரி வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, பல முறை மனுக் கொடுத்தும் பயனில்லை, ஐகோர்ட்டில் ரிட் போடலாமா?" என்னும் வினா இப்பொழுது கிராமங்களில் அடிக்கடி எழுகின்றது. அதற்கு முன்னர் எழ வேண்டிய வினா ஒன்று உண்டு. "அம்மனுவைப் போட எனக்கு உரிமை உண்டா?" என்பதே அது. அரசாங்க அலுவலன் இதனைப் பேசுவானேன் எனச் சிலர் நினைக்கலாம். ரிட் என்பது அரசையும் அதன் அலுவலர்களையும் சட்டத்தின் வரம்பிற்குள் நிறுத்தும் கருவி. அதில் எதிர்மனுதாரராக நானே நிற்கவும் நேரலாம். ஆயினும் மக்கள் தம் உரிமையின் அளவை அறிந்திருத்தல் நிர்வாகத்திற்கும் நன்மையே.

1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 32-ஆம் விதியின்படி, அடிப்படை உரிமைகளைக் காத்துக்கொள்ளச் சுப்ரீம் கோர்ட்டை நாடலாம். 226-ஆம் விதியின்படி, அடிப்படை உரிமைகளுக்காக மட்டுமன்றி ஏனைய சட்ட உரிமைகளுக்காகவும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் மனுதாரர் தம் சொந்த உரிமை பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்பதே சாதாரண விதி எனச் சுப்ரீம் கோர்ட்டு 1962-இல் கூறியது. 'சாதாரணமாக' என்னும் அச்சொல்லை மறவாதீர்கள். அச்சொல்லின் பொருள் விரிந்தது ஒரு கிராமத்து வழக்கினால்தான்.

ஆந்திரப் பிரதேசத்தில் தர்மாஜிகூடம், லிங்கபாளையம் என இரண்டு ஊர்கள். ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வூரில் அமைவது என்பது வழக்கு. 10,000 ரூபாய் ரொக்கமும் 2 ஏக்கர் நிலமும் தந்தால் தர்மாஜிகூடத்தில் அமைக்கலாம் எனப் பஞ்சாயத்து சமிதி தீர்மானித்தது. அவ்வூரார் ஒரு குழு அமைத்தனர். குழுத் தலைவர் பணத்தைத் திரட்டி வட்டார வளர்ச்சி அதிகாரியிடம் கட்டினார். பின்னர்ச் சமிதி மனம் மாறி லிங்கபாளையத்தைத் தேர்ந்தது. அரசு அதனை நீக்கித் தர்மாஜிகூடமே என்றது. பிறகு தன் உத்தரவைத் தானே மறு ஆய்வு செய்து லிங்கபாளையம் என்றது. குழுத் தலைவர் ரிட் மனுச் செய்தார்.

"நிலையம் உமது சொத்தன்று, உமக்கென்ன உரிமை?" என்பது எதிர்வாதம். 1965-இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை ஏற்கவில்லை. ஊராரின் பிரதிநிதியாகப் பணம் திரட்டிக் கட்டியவர் பாதிக்கப்பட்டவரே. சொந்தச் சொத்துரிமை இல்லாவிடினும் அவர் மனுச் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் அவர் கேட்ட பரிகாரம் கிடைக்கவில்லை. அரசின் இரண்டாம் உத்தரவு அதிகாரமின்றிப் பிறந்தது என்பது உண்மை. ஆனால் அதனை நீக்கினால், சமிதிக்கு வாய்ப்பளிக்காமல் இடப்பட்ட முதல் உத்தரவு உயிர்பெறும். ஒரு தவற்றை நீக்கி மற்றொரு தவற்றை நிலைநிறுத்த நீதிமன்றம் விரும்பவில்லை. மனுச் செய்யும் உரிமை வேறு, வெற்றி வேறு என்பதை இதனால் அறியலாம்.

வறுமையாலோ வேறு இயலாமையாலோ நீதிமன்றம் வர முடியாதவர்களுக்காக, நன்னோக்கத்துடன் பிறர் மனுச் செய்யலாம் என 1981-இல் சுப்ரீம் கோர்ட்டு விரிவாக விளக்கியது. நம் பாலாற்றங்கரையே இதற்குச் சான்று. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவினால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததுடன், இழப்பீட்டை நிர்ணயிக்க ஓர் அமைப்பை ஏற்படுத்துமாறும் உத்தரவிட்டது.

அப்படியாயின் எவரும் எதற்கும் ரிட் போடலாமா? இயலாது. மைசூர் இராச்சியத்தில் ஓர் அரிசி ஆலையை இடம் மாற்ற அனுமதி கிடைத்தது. எதிர்த்தவர் போட்டி ஆலைக்காரர். தம் வியாபாரம் குறையும் என்பது மட்டும் சட்டப்படியான குறையாகாது என 1970-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. உள்நோக்கத்துடன் வரும் பொதுநல மனுக்களைத் தடுக்க விதிகள் வகுக்குமாறு 2010-இல் அது உயர் நீதிமன்றங்களைப் பணித்தது. தேர்தல் பகையைப் பொதுநலம் எனப் பெயரிட்டு எடுத்துச் செல்பவர் செலவுத் தொகை கட்டவும் நேரலாம்.

ஆதலின் மனுச் செய்யுமுன் நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவதாக, உரிய அதிகாரியிடம் கோரிக்கையை எழுத்து மூலம் கொடுத்து, அதன் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். "செய்க" என ஆணை கேட்பவர், முன்னரே கேட்டும் செய்யப்படவில்லை எனக் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவதாக, யார் மனுதாரர் என்பதைத் தெளிவாக்குங்கள். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி தன் பெயரிலேயே வழக்குத் தொடுக்கத்தக்க அமைப்பாகும். ஊராட்சியின் பெயரால் செல்வதாயின் மன்றத் தீர்மானத்துடன் செல்லுங்கள். தனி விவசாயி செல்வதாயின், தம் வயலின் பாசனம் எவ்வாறு கெட்டது என்பதைப் பட்டா, அடங்கல் நகல்களுடன் காட்டுங்கள்.

மூன்றாவதாக, நிலம் யாருக்குச் சொந்தம் என்ற தகராற்றைச் சாட்சி விசாரித்துத் தீர்க்க வேண்டியது சிவில் கோர்ட்டு. அதற்கு ரிட் பொதுவாகப் பொருந்தாது.

நான்காவதாக, காலம் தாழ்த்தாதீர்கள். பணமில்லை என்று தயங்கவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக் குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராது இலவச உதவி உண்டு. வருமானம் குறைந்த ஏனையோருக்கும் உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

தர்மாஜிகூடத்துக் குழுத் தலைவருக்கு நீதிமன்றத்தில் நிற்கும் தகுதியை அளித்தது செல்வமன்று. ஊரார் அவரிடம் ஒப்படைத்த பொறுப்பே. உங்கள் தீர்மானப் புத்தகமும் ரசீதும் அத்தகைய பொறுப்பிற்குச் சாட்சிகள். அவற்றை ஒழுங்காக எழுதி வையுங்கள். வழக்கின்றியே பல குறைகள் தீரவும் அவையே துணை செய்யும்.