பின்தங்கிய ஒன்றியங்களின் பங்கு



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யாருடைய நினைவுக்காக அமைந்ததோ, அவர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே பள்ளிக்கு வரும் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். கல்விச் சொற்பொழிவு என்றால் திருக்குறள் வரும், காமராசர் வருவார். பணம் மட்டும் வருவதில்லை.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்‌ஷாவில், அரசுப் பள்ளிக்கு ஆண்டுதோறும் மானியம் உண்டு. சாக்பீஸ், பதிவேடு, குழாய்ப் பழுது, கழிப்பறைத் தூய்மை எல்லாம் அதிலிருந்துதான் நடக்க வேண்டும். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000. பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 32 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளம் காய்ந்துபோன ஓர் ஆண்டில் ஒரு குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூருக்குக் கிளம்புகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு எமிஸ் என்ற இணையப் பதிவேட்டில் பெயரை நீக்கும்போது தலைமையாசிரியர் 15,000 ரூபாயையும் சேர்த்தே நீக்குகிறார். கூரை அதே கூரை, குழாய் அதே குழாய். குறைந்தவை இரண்டு பெயர்கள், போனது மானியத்தில் பாதிக்கு மேல். மானியத்துக்கான தகுதி என்ற சொல்லுக்குக் களத்தில் இதுதான் பொருள்.

இந்த வரம்புகளை யார் வகுக்கிறார்கள்? ஒரு காலத்தில் உள்ளூரிலேயே வகுத்தார்கள். 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரி விதிக்க வழிசெய்தது. ஜில்லா போர்டுகள் பள்ளி நடத்தின. பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் நடத்தின. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஒழுங்காகச் சம்பளம் வாங்க அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் அது நல்ல முடிவுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பிறகு ஒன்றியத்தின் பெயர் பலகையில் நின்றுவிட்டது, பள்ளியின் மேல் இருந்த பொறுப்பு போய்விட்டது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தத்தின் வழியே கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஒன்றியத்திடமிருந்து பள்ளி போனதை யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி அமைப்பு. பெரும்பாலும் தனக்கென்று தேர்ந்தெடுத்த குழுவும் சொத்து வரியில் பங்கும் உடையது. 1965இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் முதல் பிரிவின்படி, ஒரு பள்ளி மாவட்டத்தில் ஏழைக் குழந்தைகள் 10 பேராவது இருந்து, அவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 2 விழுக்காட்டைத் தாண்டினால் அடிப்படை நிதி உண்டு. வறுமைக் கணக்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. அங்கும் சச்சரவு இல்லாமல் இல்லை. ஆனாலும் பணம் கேட்பவர் உள்ளூர்க்காரர், அளவுகோல் ஏழ்மை.

நம் நாட்டிலும் ஏறக்குறைய அப்படி ஓர் அளவுகோல் இருந்தது. 2001 கணக்கெடுப்பில் ஊரகப் பெண்களின் எழுத்தறிவு 46.13 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, ஆண் பெண் இடைவெளி 21.59 விழுக்காட்டுக்கு மேலே இருந்தால் அது கல்வியில் பின்தங்கிய ஒன்றியம். தமிழ்நாட்டில் அப்படி 44. அவற்றில் பெரம்பலூர், அரியலூர் ஆகிய நம் இரு மாவட்டங்களின் ஒன்றியங்களும் இருந்தன. கஸ்தூர்பா காந்தி பெண்கள் உறைவிடப் பள்ளிகளும் மாதிரிப் பள்ளிகளும் அந்தக் கணக்கில்தான் வந்தன. கிழுமத்தூர் மாதிரிப் பள்ளி அந்த வழியில் வந்ததே.

மாவட்டத்தை விட்டு ஒன்றியத்தை அளந்ததில் ஒரு நன்மை உண்டு. பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001 சனவரியில் அரியலூர் தனியானது, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. மாவட்டச் சராசரியை நம்பியிருந்தால் அரியலூர்ப் பக்கத்துச் செந்துறைப் பெண்களின் எழுத்தறிவு எந்தக் கணக்கில் கரைந்திருக்குமோ! பின்தங்கியது என்ற பட்டம் யாருக்கும் இனிக்காது. ஆனால் அந்தப் பட்டம் விடுதியும் வகுப்பறையும் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் தூரம் என்று எட்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

2015-16 நிதியாண்டில் மத்திய அரசு மாதிரிப் பள்ளித் திட்டத்துக்குத் தரும் உதவியை விலக்கிக்கொண்டது. நடத்துகிற பொறுப்பு மாநிலத்தின் தலையில் விழுந்தது. ஒன்றியங்கள் முன்னேறிவிட்டன என்று யாரும் அளந்து பார்த்து எடுத்த முடிவல்ல அது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு; பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. அரியலூர்ப் பெண்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர்தான் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள்.

அடுத்து வந்தது மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ. 2022இல் ஒப்புதல் பெற்ற இந்தத் திட்டம் நாடு முழுவதும் 14,500 பள்ளிகளுக்கானது. ஓர் ஒன்றியத்துக்கு அதிகம் போனால் இரண்டு பள்ளி. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதாக மாநிலம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாடு மறுத்தது. அதன் பேரில், 60க்கு 40 என்று பகிரப்படும் சமக்ர சிக்‌ஷாவில் மத்திய அரசு 2024-25க்குத் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது.

அந்தக் கொள்கை கிளப்பும் மும்மொழியா இருமொழியா என்ற விவாதத்துக்குள் நான் இன்று போகவில்லை. என் வாதம் எளியது. இல்லாமையை வைத்துத் தகுதி பார்த்தால் அரியலூரின் ஆண்டிமடம் ஒன்றியம் தன் கணக்கைக் காட்டிக் கேட்கலாம், கணக்கு தவறென்றால் சண்டை போடலாம். கையெழுத்தை வைத்துத் தகுதி பார்த்தால் ஆண்டிமடம் என்ன செய்யும்? போடாத கையெழுத்து அதனுடையதல்ல. ஒரு திட்டத்தின் ஒப்பந்தத்துக்காக இன்னொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்து வைத்தது அநியாயம். அதே மூச்சில் மாநில அரசையும் கேட்கிறேன்: எந்த ஒன்றியத்துக்கு எவ்வளவு வர வேண்டியது நின்றது என்று பள்ளி வாசலில் எழுதி ஒட்டியிருந்தால் என்ன?

அரியலூருக்கு இன்னொரு பணப்பையும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தோண்டும் சிமென்ட் ஆலைகள் 2015ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத் திருத்தப்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் கட்ட வேண்டும். பழைய குத்தகைக்கு, அரசுக்குச் செலுத்தும் உரிமைத்தொகையில் 30 விழுக்காடு. ஏலத்தில் எடுத்த குத்தகைக்கு 10. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிட வேண்டிய தொகை அது. முன்னுரிமைப் பட்டியலில் கல்வியும் உண்டு. லாரிப் புழுதியில் சன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தும் பள்ளிக்கு இதில் கேட்கும் உரிமை முழுமையாக இருக்கிறது. டெல்லி வரை போக வேண்டாம், ஆட்சியர் அலுவலகம் போதும். கேட்டுப் போகிற கிராமசபைத் தீர்மானங்களைத்தான் காணோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மானியம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் நடக்கப்போகிறது. பெயரை மட்டும் எழுதத் தெரிந்த அப்பத்தாவையோ அம்மாவையோ கௌரவத்துக்காகப் ‘படித்தவர்’ என்று கணக்கெடுப்பாளரிடம் சொல்லிவிடாதீர்கள். புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் அந்தக் கணக்கில் எழுத்தறிவு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம் ஒன்றியங்கள் அடுத்த முறை கேட்கப்போவது அந்த எண்ணை வைத்துத்தான்.